கரைப்பாறையும் அளவுநூலும்

இன்றைய சிங்கப்பூரின் தென்கரையில் நின்று பார்ப்பவருக்குக் கடல், அளந்து வெட்டிய கோட்டுக்குள் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பது போலத் தோன்றும். இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இக்கரை இவ்வாறு இருந்ததில்லை. பாறை முனைகளும், அலையாத்திக் காடுகளும், மணல் திட்டுகளும் மாறி மாறி வந்த வளைந்த கரை அது. கடற்கரைச் சாலை என்று பெயர் பூண்ட பீச் ரோடு, இன்று கடலைக் காணாத சாலை. தெலுக் ஆயர் தெருவில் 1828ஆம் ஆண்டுக்கும் 1830ஆம் ஆண்டுக்கும் இடையே தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்கா, அலையோசை கேட்கும் கரையில் எழுந்த கட்டடம். இன்று அதற்கும் கடலுக்கும் இடையே வானளாவிய மாளிகைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. 1960களில் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு, கடலைத் தூர்த்துத் தூர்த்து இன்று 730 சதுர கிலோமீட்டரைக் கடந்திருக்கிறது.

கரை இவ்வாறு உருமாறிவிட்ட நாட்டில் பழைய கரையை எங்கே தேடுவது? நிலத்தில் தேடிப் பயனில்லை. அளந்தவர்கள் விட்டுச் சென்ற ஏடுகளில்தான் தேட வேண்டும். அளவுநூல் எட்டிய இடம் மறைந்த பின்னும் வாழ்கிறது. எட்டாத இடமோ மறைந்ததோடு மாண்டும் போகிறது. சிங்கப்பூர்க் கரையின் மூன்று பாறைகள் இவ்வுண்மைக்குச் சான்று கூறுகின்றன. அவற்றுள் இரண்டு வெடிமருந்துக்கு இரையாயின, ஒன்று நிலைத்தது. அம்மூன்றன் கதையிலும் தமிழருக்கு ஏதோ ஒரு வகையில் பங்குண்டு.

ஆற்றுமுகத்துப் பிளவு

1819ஆம் ஆண்டு ஜனவரித் திங்களின் இறுதியில் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் இத்தீவை நாடி வந்தபோது, அவருடன் சேர்ந்து வந்த கப்பல்களுள் அளவைக் கப்பல்களும் இருந்தன. கேப்டன் டேனியல் ராஸ் என்பார் அவற்றுள் ஒன்றான டிஸ்கவரியின் தலைவர். அக்காலத்தில் கடலை அளப்பது கண்ணையும் கயிற்றையும் நம்பிய கலை. ஈயக் குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் இறக்கி, அது தரையைத் தொடும் ஆழத்தைக் கயிற்றின் அடையாளங்களால் கணிப்பர். குண்டின் அடியில் கொழுப்பைத் தடவி வைத்து, அதில் ஒட்டி வருவது சேறா, மணலா, சிப்பியா என்று பார்த்துக் கடலடியின் இயல்பை அறிவர். கரையில் தெரியும் குன்றையும் முனையையும் குறியாகக் கொண்டு கோணங்களை அளந்து படம் வரைவர். ஒரு துறைமுகத்தின் தலைவிதி இந்த அளவைகளைப் பொறுத்தே அமைந்தது. ஆதலின் கரையில் துருத்தி நின்ற ஒவ்வொரு பாறையும் மாலுமிக்கு ஒரு சொல். அதைப் பிழையின்றிப் படித்தவனே பிழைத்தான்.

ஆனால் சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில், தென்கிழக்குக் கரையில், மாலுமியின் அளவைக்குள் அடங்காத வேறொரு சொல்லைத் தாங்கி ஒரு பாறை நின்றது. அவ்விடம் பாறைமுனை என்று வழங்கியது. 1819ஆம் ஆண்டில் அங்கே காட்டை வெட்டித் திருத்தியபோது, எழுத்துப் பொறித்த அப்பாறை வெளிப்பட்டது. செம்மை படர்ந்த மணற்கல். உயரம் ஏறத்தாழ 10 அடி. அதன்மீது ஏறத்தாழ 50 வரிகள்.

1822ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், சயாம் நாட்டுக்குத் தூது சென்ற ஜான் கிராஃபர்டு வழியில் இங்கே தங்கி அதனைக் கண்டார். பின்னாளில் சிங்கப்பூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற அவர், தாம் கண்டதை ஓர் ஆய்வாளரின் நிதானத்தோடு குறித்து வைத்தார். பெரும் பாறையொன்று மனித முயற்சியால் ஏறத்தாழ இரு சம பாதிகளாகப் பிளக்கப்பட்டிருந்தது. இரு பாதிகளும் ஒன்றையொன்று நோக்கி நின்றன. அடியில் அவற்றுக்கிடையே இருந்த வெளி இரண்டரை அடிக்கு மேற்படவில்லை. இரண்டும் ஏறத்தாழ 40 பாகை அளவில் சாய்ந்திருந்தன. எழுத்துகள் வெளிப்புறத்தில் இல்லை. பிளவின் உட்புற முகத்திலேயே செதுக்கப்பட்டிருந்தன. அவற்றைப் படிக்க விரும்புபவர் கூரையில்லாத குகைக்குள் நுழைவது போல் அந்த இடுக்கினுள் புகவேண்டும். வெயிலும் மழையும் கடற்காற்றும் பல நூற்றாண்டுகளாக அதற்குள் புகுந்து வந்தமையால், மணற்கல்லின் எழுத்துகள் பெரிதும் தேய்ந்திருந்தன.

கல்லைப் பற்றி மலாய் மக்களிடையே ஒரு மரபுக்கதை வழங்கியது. மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயு, பாடாங் என்னும் பெருவீரனைப் பற்றிக் கூறுகிறது. அவன் வலிமையைக் கேள்வியுற்ற கலிங்க நாட்டரசன், தன் நாட்டு மல்லனை ஏழு கப்பல்களோடு சிங்கப்பூருக்கு அனுப்பினான். தோற்றவர் ஏழு கப்பல் பொருளை இழக்க வேண்டும் என்பது பந்தயம். அரண்மனை முன் கிடந்த பெரும் கல்லைக் கலிங்க மல்லன் முழங்காலளவு தூக்கிப் போட்டான். பாடாங்கோ அதனைத் தலைக்குமேல் தூக்கி ஆற்றின் முகத்துவாரத்துக்கே எறிந்தான். அக்கல்லே பாறைமுனைக் கல் என்று கருதுவோர் உளர். மலாய் நூல்களில் கலிங்கம் என்ற பெயர் தமிழகம் உள்ளிட்ட தென்னிந்தியக் கரையைப் பொதுவாகக் குறித்து வந்தது. எனவே கல்லின் எழுத்துகளை எவரும் படிக்குமுன்பே, அதன் கதைக்குள் ஒரு தென்னிந்தியன் வந்து நின்றுவிட்டான்.

மாவும் மாலைவெயிலும்

கல்லைப் படிக்கப் பலர் முயன்றனர். ராஃபிள்ஸ் முயன்றார், பாதிரிமார் முயன்றனர். முன்ஷி அப்துல்லாவும் அதனை நேரிற் கண்டார். யேமன் நாட்டிலிருந்து நாகூருக்கு வந்து தமிழ்ப் பெண்ணை மணந்த அரபுப் பெரியவரின் வழித்தோன்றலாகிய அப்துல்லா, மலாக்காவில் பிறந்து தமிழும் மலாயும் கற்றவர். பலர் மாவைப் பிசைந்து எழுத்துகளின்மேல் அழுத்தி அச்செடுத்ததையும், கருமையைப் பூசிப் பார்த்ததையும் அவர் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

இம்முயற்சிகளுள் முறையாக நடந்தது வில்லியம் பிளாண்டு என்னும் கப்பல் மருத்துவருடையது. அவர் கையாண்ட முறை எளியது. ஆனால் பொறுமை வேண்டுவது. நன்கு பிசைந்த மென்மையான மாவை ஒரே ஓர் எழுத்தின்மீது அழுத்தி அதன் வடிவத்தை எடுப்பார். அதைப் பார்த்துத் தாளில் வரைவார். பின்னர்க் கல்லிலுள்ள எழுத்தின் பள்ளத்தை வெண்ணிற வண்ணத்தால் நிரப்பி, தாளில் வரைந்ததும் கல்லில் தெரிவதும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பார். இவ்வாறு எழுத்து எழுத்தாக வேலை நடந்தது. கதிரவன் சாயும் வேளை அவருக்குப் பெருந்துணை புரிந்தது. உச்சி வெயிலில் தட்டையாகத் தோன்றும் தேய்ந்த கோடு, மாலையில் பக்கவாட்டில் விழும் ஒளியில் தன் நிழலால் தன்னையே காட்டிக் கொடுக்கும். கோயிற் சுவர்களில் கல்வெட்டுப் படித்துப் பழகியவர்கள் இவ்வுண்மையை நன்கறிவர்.

பிளாண்டு எடுத்த படி, கல்கத்தாவிலிருந்த ஜேம்ஸ் பிரின்செப்பின் கைக்குச் சேர்ந்து, 1837ஆம் ஆண்டில் வங்காள ஆசியக் கழகத்தின் ஏட்டில் வெளியாயிற்று. அசோகனின் பிராமி எழுத்துகளைப் படித்து உலகப் புகழ் எய்தியவர் பிரின்செப். அவராலும் இக்கல்லைப் படிக்க இயலவில்லை. சில எழுத்துகளை மட்டும் அடையாளம் காணமுடிகிறது, தொடராக ஒரு சொல்லையும் சேர்க்க முடியவில்லை என்பதே அவர் முடிபு. படிக்க முடியாததைப் படித்ததாகக் கூறாத நேர்மை அது.

முழுக் கல்லும் முறைப்படி படியெடுக்கப்பட்டிருப்பின் நிலை வேறாகியிருக்கும். தமிழ்நாட்டில் 1886ஆம் ஆண்டில் அரசுக் கல்வெட்டறிஞராகப் பொறுப்பேற்ற உல்ட்ஷ் காலந்தொட்டு, ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒட்டித் தூரிகையால் அடித்து, எழுத்தின் பள்ளங்களுக்குள் தாளைப் புகுத்தி, அதன்மேல் மையொற்றிப் படியெடுக்கும் வழக்கம் ஊன்றியது. பள்ளம் வெண்மையாக நிற்க, மேடு கருமையாகும். எடுப்பவர் அம்மொழியை அறியாதவராயினும் குற்றமில்லை. அவர் கண்ட பிழையும் விருப்பும் படியில் ஏறா. நூறாண்டு கழித்து வரும் அறிஞர் தம் மேசைமீது வைத்து அதைப் படிக்கலாம். ஆற்றுமுகத்துக் கல் அந்தக் காலம் வரை காத்திருக்கவில்லை. காத்திருக்க விடப்படவும் இல்லை.

வெடித்த நாள்

1843ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஃபுல்லர்டன் கோட்டைக்கும் அதன் தளபதியின் இல்லத்துக்கும் இடம் வேண்டியும், முகத்துவார வழியை அகலப்படுத்தவும், பாறை வெடிமருந்து வைத்துத் தகர்க்கப்பட்டது. குடியேற்றத்தின் தற்காலிகப் பொறியாளராக இருந்த கேப்டன் ஸ்டீவன்சன் அதற்கு ஆணையிட்டார். கர்னல் ஜேம்ஸ் லோ கல்லைக் காக்க வேண்டினார், பயனில்லை. வெடித்த பின் அவர் ஆற்றைக் கடந்து சென்று, எழுத்துத் தெரிந்த துண்டுகளைப் பொறுக்கினார். அவை பெரியனவாக இருந்தமையால், எழுத்துள்ள முகத்தை மட்டும் பலகைபோல் செதுக்கி எடுத்துக் கல்கத்தாவின் ஆசியக் கழகத்துக்கு அனுப்பினார்.

எஞ்சியவற்றின் கதி இரங்கத்தக்கது. 1848ஆம் ஆண்டில், வேறு துண்டுகள் இருப்பின் அனுப்புமாறு கல்கத்தாவிலிருந்து வேண்டுகோள் வந்தது. ஆளுநர் பட்டர்வொர்த் தேடிப் பார்த்தார். கருவூலத்தின் தாழ்வாரத்தில் ஒரு துண்டு கிடந்தது. காவற் சிப்பாய்களும் அலுவலுக்குக் காத்திருந்தவர்களும் அதன்மேல் அமர்ந்து அமர்ந்து எழுத்தைப் பெரிதும் தேய்த்திருந்தனர். ஆளுநர் மாளிகையருகே கிடந்த மற்றொரு பெருந்துண்டைப் பற்றி, டபிள்யூ. எச். ரீட் என்னும் வணிகர் பின்னாளில் எழுதினார். ஆளுநர் பினாங்குக்குச் சென்றிருந்த சமயம், பாதை செப்பனிடக் கல் தேவைப்பட்ட கைதிகள் அதனைச் சல்லியாக உடைத்துவிட்டனராம்.

அக்கைதிகள் யாவர்? 1825ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பென்கூலனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த முதற்குழுவில், சென்னை மாகாணத்திலிருந்து நாடு கடத்தப்பட்ட 80 பேர் இருந்தனர். ஒரு வாரத்தில் வங்காளத்துக் கைதிகள் வந்தனர். பின்னர்ப் பம்பாயிலிருந்தும் வந்தனர். 1873ஆம் ஆண்டில் இம்முறை முடிவுற்ற வரை, இந்நகரின் சாலைகளையும் பாலங்களையும் பொதுக் கட்டடங்களையும் எழுப்பிய கைகளுள் பெரும்பாலானவை அவர்களுடையவை. ஆகவே, அக்கல்லைச் சல்லியாக்கிய சம்மட்டியைப் பிடித்த கை இந்தியக் கையாகவே இருந்திருத்தல் கூடும். அவர்களைக் குறைகூறுவது நீதியன்று. காலில் விலங்கு பூண்டவனுக்கு இட்ட வேலை கல்லுடைப்பது. உடைக்கும் கல்லில் எழுத்து இருப்பதை அவனுக்குச் சொல்வார் இல்லை. சொல்ல வேண்டியவர்களோ வெடிமருந்துக்கு ஆணையிட்டவர்கள்.

அப்துல்லா இவ்வழிவைக் கண்டு நொந்தார். பாறையைத் தகர்த்தவர் கட்டடக்கலைஞர் கோல்மன் என்று அவர் எழுதினார். ஆனால் கோல்மன் 1841ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரை விட்டுச் சென்றிருந்தார். பெயரில் பிழை நேர்ந்தது, துயரத்தில் பிழையில்லை. தம்மால் ஆக்க முடியாத ஒன்றை அழிக்கலாகாது என்னும் கருத்தையே அவர் வலியுறுத்தினார்.

எஞ்சிய ஒரு துண்டு

கல்கத்தாவுக்குச் சென்ற துண்டுகளுள் ஒன்று, 1918ஆம் ஆண்டை ஒட்டி ராஃபிள்ஸ் அருங்காட்சியகம் வேண்டிக் கொண்டதன் பேரில் சிங்கப்பூருக்கு மீண்டது. இன்று அது தேசிய அரும்பொருளகத்தில் போற்றப்படும் செல்வங்களுள் ஒன்று. அதன் எழுத்து எக்காலத்தது என்பதில் அறிஞர் வேறுபடுவர். 10ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டு வரை பல காலங்கள் கூறப்பட்டுள்ளன. பழைய சாவக மொழி என்பார் ஒரு சாரார். வடமொழி என்பார் மற்றொரு சாரார்.

2019ஆம் ஆண்டில் இயன் சின்கிளேர் என்னும் ஆய்வாளர் இத்துண்டில் 'கேசரிவ' என்னும் எழுத்துத் தொடரைக் கண்டதாகக் கூறினார். அது 'பரகேசரிவர்மன்' என்னும் சொல்லின் பகுதியாகலாம் என்பது அவர் கருத்து. சோழ மன்னர் மாறி மாறிப் பூண்ட பட்டங்கள் இராசகேசரியும் பரகேசரியும். கடாரம் கொண்ட முதலாம் இராசேந்திரன் பரகேசரிவர்மன். 1025ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த அவனுடைய கடற்படையெடுப்பைத் தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டு விரிவாகக் கூறுகிறது. ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், இலாமுரிதேசம், நக்கவாரம், கடாரம் என இடப்பெயர்கள் அதில் அடுக்கி வருகின்றன.

தமிழர் நெஞ்சம் இச்செய்தியால் விம்முவது இயல்பே. ஆயின் வரலாறு நெஞ்சின் விம்மலைச் சான்றாக ஏற்பதில்லை. மூன்று நான்கு எழுத்துகள் ஓர் ஊகத்துக்கு இடந்தரும், முடிபுக்கு இடந்தரா. முன்னும் பின்னும் இருந்த எழுத்துகள் கிடைத்தால் இவ்வூகம் மெய்யாகலாம், பொய்யாகவும் ஆகலாம். இரண்டில் எது நேர்ந்தாலும் அறிவுக்கு ஊதியமே. அவ்வெழுத்துகள் 1843ஆம் ஆண்டில் புகையாயின என்பதே இங்குள்ள இழப்பு.

சுமத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பாரூஸ் இதற்கு நேர்மாறான ஒரு சான்று. அங்கே 1873ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு சிதைந்ததுதான். ஆயினும் அது பேணப்பட்டது. 1932ஆம் ஆண்டில் நீலகண்ட சாஸ்திரியார் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088இல், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் தமிழ் வணிகக் குழுவினர் அங்கே கூடியிருந்தனர் என்பது அதனால் ஐயமற விளங்கிற்று. பாரூஸில் தமிழர் வாழ்ந்தமை இன்று வரலாறு. ஆற்றுமுகத்தில் அவர் தடம் இருந்ததா என்பது இன்றும் கேள்வி. தமிழன் தடம் பதித்தானா என்பதோடு, பதித்த தடத்தை யாரேனும் படியெடுத்தாரா என்பதும் இவ்வேறுபாட்டை உண்டாக்கியிருக்கக் கூடும்.

இழந்த பல்

ஆற்றுமுகத்திலிருந்து மேற்கே, இன்றைய லாப்ரடார் கரையருகே, கடலில் ஒரு கல்தூண் நின்றது. மலாய்க்காரர் அதைப் பத்து பெர்லாயர் என்றனர். பாய்மரக் கல் என்பது பொருள். ஆங்கில மாலுமிகள் விவிலியக் கதையை நினைந்து லோத்தின் மனைவி என்றனர். சீனப் பயணி வாங் தாயுவான் 1349ஆம் ஆண்டளவில் எழுதிய நூலில், பறவை நாகத்தின் பற்கள் போன்ற இரு குன்றுகளுக்கிடையே செல்லும் நீர்வழியை லோங்யாமென் எனக் குறித்தார். அங்கே வாழ்ந்த மக்களையும், திரும்பி வரும் கப்பல்களை வளைக்கும் கொள்ளையரையும் பற்றி அவர் எழுதினார். அந்த நாகப்பல் வாயிலின் ஒரு பல்லே இத்தூண் எனப் பலர் கருதுவர்.

1848ஆம் ஆண்டு ஆகஸ்டில் நீராவிக் கப்பல்களுக்கு ஏற்ற புதிய துறைமுகத்தின் வாயிலை அகலப்படுத்த, இத்தூணும் தகர்க்கப்பட்டது. கப்பல் தங்குவதற்கு அவ்விடத்தின் ஆழம் ஏற்றதென எடுத்துக் காட்டியவர் கேப்டன் ஹென்றி கெப்பல். 1900ஆம் ஆண்டில் அத்துறைமுகம் அவர் பெயரைப் பெற்றது. துறைமுகம் தந்த வாழ்வு பெரிது. இந்நாட்டுத் தமிழருட் பலரின் பாட்டன்மார் கெப்பல் துறைமுகத்தில் மூட்டை சுமந்தே குடும்பம் வளர்த்தனர். எனவே தகர்த்தது தவறென்று எளிதிற் கூறிவிட முடியாது. 2005ஆம் ஆண்டில், செங் ஹோவின் கடற்பயணத்தின் 600ஆம் ஆண்டு நிறைவையொட்டி, அக்கல்லுக்கு ஒரு மாதிரி கரையில் நிறுவப்பட்டது. மாதிரி நினைவூட்டும், சான்று கூறாது.

அளந்தபின் தொட்ட பாறை

இத்தூணைத் தகர்த்த பணியில் தொடர்புற்றவர் நில அளவையாளர் ஜான் டர்ன்புல் தாம்சன். மூன்றாவது பாறையை அளந்து, தமக்கும் அதற்கும் நிலைத்த புகழ் தேடியவரும் அவரே. இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் 1821ஆம் ஆண்டில் பிறந்து, இளமையிலேயே பினாங்குக்கு வந்து, 1841ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் அரசு நில அளவையாளரானவர் அவர்.

சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில், இந்நகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், பெட்ரா பிராங்கா என்னும் சிறு பாறைத்தீவு உள்ளது. போர்த்துகீசியர் இட்ட அப்பெயருக்கு வெள்ளைப் பாறை என்பது பொருள். நீளம் 137 மீட்டர். சராசரி அகலம் 60 மீட்டர். கடற்பறவைகளின் எச்சம் படிந்து வெளுத்த அப்பாறையைச் சுற்றிலும் கப்பல்களை விழுங்கும் கற்கள் மறைந்திருந்தன. கிழக்கிந்தியக் கம்பெனியின் கடல் வரைபட வல்லுநராக விளங்கி 1836ஆம் ஆண்டில் மறைந்த ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க்கின் நினைவாகக் கலங்கரை விளக்கம் ஒன்றை எழுப்பக் கான்டன் வணிகர்கள் பொருள் திரட்டினர். அதற்கு இறுதியாகத் தேர்ந்த இடம் இப்பாறை.

தாம்சன் உடனே கட்டத் தொடங்கவில்லை. பாறையின்மேல் செங்கல் தூண்களை நிறுத்திவிட்டு, வடகிழக்குப் பருவக்காற்றின் அலைகள் அவற்றை என்ன செய்கின்றன என்று பார்த்தார். எந்த உயரத்தில் எத்தூண் வீழ்ந்தது, எது நின்றது என்பதிலிருந்து கடலின் வலிமையை அறிந்தார். செங்கல் போதாது, கருங்கல்லே வேண்டும் என்பது தெளிவாயிற்று. புலாவ் உபின் தீவில் கருங்கல் வெட்டப்பட்டுப் படகேறியது. 1850ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. சீனக் கல்தச்சர், மலாய்ப் படகோட்டிகள், இந்தியக் கைதிகள் எனப் பல மொழியினர் அச்சிறு பாறையில் ஒருங்கே உழைத்தனர். 1851ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் விளக்கு ஒளிர்ந்தது.

பணி முடிந்ததும் தாம்சன் மற்றொரு கடமையையும் நிறைவேற்றினார். பாறையின் இயல்பு, அளவைகள், கட்டிய முறை, நேர்ந்த இடர்கள் ஆகியவற்றை விரிவாக எழுதி, ஜே. ஆர். லோகன் நடத்திய ஆய்விதழில் 1852ஆம் ஆண்டில் வெளியிட்டார். அடுத்த ஆண்டு உடல்நலங் குன்றி இந்நாட்டை நீங்கிய அவர், பின்னாளில் நியூசிலாந்தின் முதல் தலைமை நில அளவையாளரானார். அங்கிருந்தபடியே, அப்துல்லாவின் தன்வரலாற்றின் பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1874ஆம் ஆண்டில் வெளியிட்டார். உடைந்த கல்லுக்காக நொந்தவரின் நூலை, கல்லை அளக்கக் கற்றவர் மேலும் பலர் படிக்கச் செய்தார்.

அந்த ஏடுகளின் மதிப்பு ஒன்றரை நூற்றாண்டு கழித்து விளங்கிற்று. பெட்ரா பிராங்கா யாருக்குரியது என்னும் வழக்கு, சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இடையே அனைத்துலக நீதிமன்றத்துக்குச் சென்றது. யார் அளந்தார், யார் கட்டினார், யாருடைய இசைவு கேட்கப்பட்டது என்று 19ஆம் நூற்றாண்டின் கடிதங்களும் குறிப்புகளும் புரட்டப்பட்டன. பாறையின் உரிமையைத் தான் கோரவில்லை என்று 1953ஆம் ஆண்டில் ஜொகூர் அரசு அனுப்பிய பதிற்கடிதம் பெரிதும் எடைபோடப்பட்டது. 2008ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் தீர்ப்பு வந்தது: பெட்ரா பிராங்கா சிங்கப்பூருக்கு உரியது, அருகிலுள்ள மிடில் ராக்ஸ் மலேசியாவுக்கு உரியது. படைவலிமை பேசாத இடத்தில் பழைய தாள்கள் பேசின.

ஏட்டில் ஏறாத கைகள்

தாள்களில் ஏறாதவர் கதை என்ன ஆயிற்று? சிராங்கூன் சாலைப் பகுதியைப் பழந்தமிழ்க் குடியினர் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்தனர். சூளைகள் புகைந்த நிலம் அது. அக்காலக் கட்டடங்களை இறுக்கிய சாந்தில் தமிழகத்து வழக்கம் கலந்திருந்தது. இந்தியக் கைதிகள் உழைத்து எழுப்பிய செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தின் சுவர்களுக்குச் சிப்பிச் சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவும் வெல்லமும் சேர்த்துத் தேய்த்த சென்னைச் சாந்து பூசப்பட்டது. அச்சுவர்கள் இன்றும் ஒளிர்கின்றன. பூசியவர்களின் பெயர்களோ பெரும்பாலும் எவருக்கும் தெரியா. ராஃபிள்ஸுடன் 1819ஆம் ஆண்டு மே திங்களில் வந்து செங்கற் சூளை அமைத்த நாராயண பிள்ளையின் பெயர் நிலைத்தது. அவருடைய சூளையில் மண் மிதித்தவர்களின் பெயர் நிலைக்கவில்லை.

வெடிமருந்து வைத்தால்தான் ஒரு கல் அழியும் என்பதில்லை. யாரும் படியெடுக்காத எழுத்து, யாரும் கேட்டு எழுதாத முதியவர் நினைவு, யாரும் சேர்த்து வைக்காத கடைக் கணக்கேடு ஆகிய எல்லாம் ஓசையின்றித் தகர்கின்றன. 1887ஆம் ஆண்டில் தொடங்கிய 'சிங்கை நேசன்' இதழ்கள் காக்கப்பட்டமையால், அக்காலத் தமிழர் எதைப் பற்றி மகிழ்ந்தனர், எதைப் பற்றி வழக்காடினர் என்று இன்று அறிய முடிகிறது. காத்தவர்கள் அவற்றுள் எது பயன்படும் என்று முன்கூட்டி அறிந்து காத்தாரல்லர். பிரின்செப்பும் தாம் படிக்க இயலாத எழுத்தை அச்சிட்டு வைத்தார். படிப்பவர் பின்னர் வருவார் என்னும் நம்பிக்கையே அதற்குக் காரணம்.

புதிதாகக் கட்டுவதற்குப் பழையதை அகற்ற வேண்டிய சிறிய நாடு சிங்கப்பூர். எல்லாப் பாறைகளையும் நிறுத்தி வைக்க இங்கே இடமில்லை. ஆனால் அகற்றுமுன் அளப்பதற்கு இடம் தேவையில்லை. ஒரு நூலும், ஒரு தாளும், ஒரு மாலைப்பொழுதின் சாய்வெயிலும் போதும். 1843ஆம் ஆண்டில் ஆற்றுமுகத்தில் இவை மூன்றும் இருந்தன. காத்திருக்கும் பொறுமை இருந்திருப்பின், 'கேசரிவ' என்னும் எழுத்துகளுக்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது என்பது இன்று தெரிந்திருக்கும்.